பார்க்கலாம்

ஆடி ஐந்தாம் வெள்ளி நெருங்கினால் எனக்குப் புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினம் தேரை விட ஒரு பையனின் முகம்தான் முதலில் ஞாபகம் வரும். கொரோனாவுக்கு முந்தைய ஒரு வருடம். வீராம்பட்டினத்துப் பையன். ஐடிஐ முடித்த கையோடு எங்கள் பட்டறையில் சேர்ந்தவன், நாலு வருடத்தில் சிஎன்சி டர்னிங்கில், அதாவது கம்ப்யூட்டரால் ஓடும் கடைசல் மெஷினில், நல்ல தேர்ச்சி. அதிகம் பேச மாட்டான். தேருக்கு இரண்டு வாரம் முன்னால் என் மேசைக்கு வந்து, "அக்கா, அந்த வெள்ளிக்கிழமை லீவு வேணும்" என்றான். நான் கம்ப்யூட்டரில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, "பார்க்கலாம்" என்றேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மறுபடியும் கேட்டான். "பார்க்கலாம்ப்பா, வியாழக்கிழமை சொல்றேன்." வியாழக்கிழமை வந்தது. ஓசூருக்கு ஒரு லோடு மறுநாள் சாயங்காலம் கிளம்ப வேண்டியிருந்தது. "காலையில சீக்கிரம் வந்து அந்த நூறு பீஸை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போயேன், பார்த்துக்கலாம்" என்றேன். வந்தான். ஆறு மணிக்கே வந்தான். நூறு பீஸ் முடிந்தது, இன்ஸ்பெக்‌ஷனில் இருபது திரும்பி வந்தது, அதையும் சரி செய்தான். கிளம்பும்போது பன்னிரண்டு மணி. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைக்கிற தேர் அது. காலையிலேயே இழுத்துவிடுவார்கள்.

அவன் கோபப்படவில்லை. சனிக்கிழமை வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். சம்பளம் வாங்கினான். மறுநாள் வரவில்லை. நாலு நாள் கழித்து அவன் அண்ணன் வந்து, "கணக்கை முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார். கோபமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லைங்க. அந்த வருஷம் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறது அவன் முறை. முடியாதுன்னு நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஆளுகிட்ட சொல்லியிருப்பான். கடைசி வரைக்கும் சொல்லலைல்ல, அதான்" என்றார்.

முட்டுக்கட்டை சின்ன வேலை இல்லை. ஓடுகிற தேரின் சக்கரத்தடியில் கட்டையைக் கொடுத்துத் திருப்பவும் நிறுத்தவும் வேண்டும், கை தப்பினால் கால் போய்விடும். அந்தப் பொறுப்பை ஊர் அவனிடம் கொடுத்திருந்தது. அவனால் வருகிறேன் என்றும் சொல்ல முடியவில்லை, வரவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவனை அந்த நிலையில் இரண்டு வாரம் தொங்கவிட்டது என்னுடைய ஒரு சொல்.

எங்களுடையது புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. பட்டறை என்றுதான் அப்பா சொல்வார், போர்டில் இண்டஸ்ட்ரீஸ் என்று இருக்கும். 1991-ல் இரண்டு லேத்தோடு தொடங்கினார். இன்று சிஎன்சி ஒன்பது, ஆட்கள் 38 பேர். 2014-ல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நான் வந்து உட்கார்ந்தேன். பம்ப், வால்வு கம்பெனிகளுக்கு புஷ், ஸ்லீவ், ஷாஃப்ட் செய்து கொடுக்கிறோம். தொழிலதிபர்கள் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும்: "ஆள் நிக்க மாட்டேங்குதுங்க." நானும் பத்து வருடமாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் தப்பு எல்லாம் ஆளுடையதாகவே இருப்பதை ரொம்ப நாள் நான் கவனிக்கவில்லை.

அந்தப் பையன் போனதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று ஒரு டெலிவரி சலானின் பின்பக்கம் கணக்குப் போட்டேன், அது இன்னும் என் டிராயரில் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் துளை, எச்7 அளவு. அதாவது 25.000-லிருந்து 25.021 வரை போகலாம், அதற்கு மேல் போனால் பீஸ் குப்பைக்கு. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் அரை மணி நேரம் சும்மா நின்றால் அதன் சுழல் தண்டான ஸ்பிண்டில் ஆறிவிடும், திரும்ப ஓட்டும்போது முதல் சில பீஸ்களில் அளவு கொஞ்சம் நகரும். அவன் சாப்பிட்டு வந்ததும் மெஷினின் அளவுத் திருத்தமான ஆஃப்செட்டில் ஐந்தோ ஆறோ மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மாற்றுவான், முதல் ஐந்து பீஸையும் அளந்துவிட்டுத்தான் மேலே போவான். இது எந்தக் காகிதத்திலும் இல்லை, யாரும் அவனிடம் எழுதித் தரச் சொன்னதும் இல்லை. அவனுக்குப் பதிலாக வந்தவன் மூன்றாவது நாள் 212 பீஸ் ரிஜெக்ட் கொடுத்தான். மெட்டீரியல், மெஷின் நேரம், கஸ்டமரிடம் வாங்கிய திட்டு, ஆள் தேடிய அலைச்சல் எல்லாம் கூட்டினால் அவனுடைய நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. ஒரு வெள்ளிக்கிழமைக்காக.

சலானை மடித்து வைத்துவிட்டு உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் ஒரு கோமாளித்தனம் செய்தேன்.

சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனேன், கம்பெனி கல்ச்சர் பற்றி. நல்ல சாப்பாடு. திரும்பி வந்து மூன்று காரியம் செய்தேன். மாதம் ஒரு நாள் பிறந்தநாள் கேக். சுவரில் 'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' படம். கேன்டீன் ஓரத்தில் யோசனைப் பெட்டி. மூன்றாவது மாதம், சுவரில் படம் மாட்டப்பட்ட பையனே வந்து, "அக்கா, அதை எடுத்துடுங்க, கேன்டீன்ல எல்லாரும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிடுறாங்க" என்றான். எடுத்துவிட்டேன். யோசனைப் பெட்டியைத் திறந்தபோது ஒரு கடலை மிட்டாய்க் காகிதமும் இரண்டு சீட்டுகளும் இருந்தன. ஒன்றில், "லேடீஸ் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஏழு மாதம் ஆகிறது." இன்னொன்றில், "மேல் சீட்டுக்கு நான் சாட்சி."

அறுபது ரூபாய்த் தாழ்ப்பாள். டீபரிங் (பீஸின் ஓரப் பிசிறை எடுப்பது), இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஒன்பது பெண்கள். ஏழு மாதமாக ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே காவல் நின்றிருக்கிறார். நான் கேக் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். சூப்பர்வைசரிடம் அவர்கள் மூன்று முறை சொன்னார்களாம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பார்க்கலாம்னு சொன்னார்" என்றார்கள்.

எங்கிருந்து கற்றுக்கொண்டார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள், தமிழில் இதைவிட வசதியான சொல் இருக்கிறதா? ஆமாம் என்ற பொறுப்பும் இல்லை, இல்லை என்ற பொல்லாப்பும் இல்லை. கேட்டவரை மரியாதையாக அனுப்பிவிடலாம். பெண் பார்க்கப் போன வீட்டிலிருந்து பேங்க் வரை எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் இடத்தில் கேட்கிறவருக்கு இது எப்படிக் கேட்கும் தெரியுமா? 'நீ மறுபடியும் வந்து கெஞ்சு' என்று கேட்கும். இரண்டு தடவை கெஞ்சுவார்கள், மூன்றாவது தடவை கேட்கமாட்டார்கள். கேட்பதை நிறுத்திய ஆளை நான் 'தொந்தரவில்லாத நல்ல பையன்' என்று நினைப்பேன். அவன் அப்போது பாதி வெளியே போயிருப்பான்.

அதனால் ஸ்டோர் ஜன்னலில் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை நூல் கட்டித் தொங்கவிட்டோம், பேனாவோடு. யாருக்கு என்ன வேண்டுமோ அதில் எழுதலாம். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் பக்கத்தில் என் கையால் பதில் எழுத வேண்டும். பதில் மூன்றில் ஒன்றுதான்: சரி, முடியாது, இந்தத் தேதிக்குள் சொல்கிறேன். முடியாது என்றால் ஏன் என்று ஒரு வரி. 'பார்க்கலாம்' என்று எழுதக் கூடாது. வாய்தவறிச் சொன்னால் டீக்காசு நான் கொடுக்க வேண்டும். முதல் மாதம் டீக்கடைக்காரருக்குத்தான் லாபம்.

எழுதத் தெரியாதவர்களும் தயங்குகிறவர்களும் சொல்லச் சொல்ல ஸ்டோர் அக்கா எழுதுவார். அவர் எங்களோடு 19 வருடமாக இருக்கிறார், நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து. மெஷினை ஒவ்வொரு வேலைக்கும் தயார் செய்து கொடுக்கிற எங்கள் மூத்த செட்டர் இன்னும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார், இந்த அக்கா மட்டும் நான் பொறுப்பேற்ற நாளில் மேடம் என்று மாற்றிக்கொண்டார். அந்த மேடத்தில் கொஞ்சம் கிண்டல் இருக்கும்.

நோட்டில் என்ன வந்தது என்று நீங்கள் கேட்டால், பெரிய விஷயம் எதுவும் வரவில்லை என்பேன். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்திலிருந்து வருகிற பெண்களுக்கு இரண்டு பஸ். கடலூர் பஸ்ஸில் வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்தது பிடிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எட்டரைக்கு வரவே முடியாது, தினமும் பத்து நிமிடம் லேட், தினமும் திட்டு. அவர்கள் பிரிவுக்கு மட்டும் ஒன்பது மணி என்று மாற்றினோம், சாயங்காலம் அரை மணி கூட. மெஷின் ஓட்டுகிற பிரிவு இல்லை, எதுவும் நின்றுபோகவில்லை. இவ்வளவு எளிதான ஒன்றை அதுவரை ஏன் செய்யவில்லை என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்று நான் சொல்லியிருப்பேன். கேட்டிருக்கிறார்கள். என் காதுக்கு வரவில்லை.

இன்னொன்று பி.எஃப். ஒரு ஆபரேட்டர் எழுதியிருந்தார்: "என் பி.எஃப். பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்." விசாரித்தால் அவருக்கு மட்டுமில்லை, பாதிப் பேருக்கு அதே சந்தேகம். சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி அதைச் சாப்பிடுகிறார் என்றே சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள், என்னிடமே வேலை பார்த்துக்கொண்டு. ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாருடைய போனிலும் பாஸ்புக்கைத் திறந்து காட்டினோம். ஏழு பேருக்குத் திறக்கவே இல்லை. ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், பி.எஃப்.பில் இனிஷியல் மட்டும் இருக்கும், இரண்டும் ஒட்டாது. வேலையை விட்டுப் போன பிறகு இந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைவார்கள். ஏழு பேருக்கும் நாங்களே திருத்த விண்ணப்பம் போட்டோம். நாங்கள் கட்டுகிற 12-ல் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகிறது, அந்தப் பென்ஷன் கிடைக்க மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும், கம்பெனி மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் கணக்கை மாற்றிக்கொண்டால் அந்த வருடங்கள் தொடரும் என்றெல்லாம் அன்றுதான் பலர் முதல் தடவை கேட்டார்கள்.

அதே நாள், வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடையான கிராஜுவிட்டியையும் சொன்னேன். ஐந்து வருடம் முடித்தால், கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து, அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, எத்தனை வருடமோ அத்தனை மடங்கு. 18,000 ரூபாய் வாங்குகிறவர் ஏழு வருடத்தில் போனால் 72,692 ரூபாய். போர்டில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். பின்னால் நின்ற ஒரு பையன், "அக்கா, நீங்களே சொல்றீங்களே, இதைச் சொன்னா எங்களுக்குத்தானே லாபம்" என்றான். ஆமாம்டா என்று சொல்ல வாயெடுத்து, டா-வை விழுங்கினேன். அந்த டா-வுக்கு ஒரு கதை இருக்கிறது.

நோட்டு வைத்து ஒரு வருடம் ஆன பிறகும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்து, இரண்டு வருடத்தில் போனவர்கள் யார் யார், எந்த ஷிஃப்ட் என்று எழுதினேன். பதினோரு பேர். அதில் எட்டுப் பேர் ஒரே சூப்பர்வைசரின் ஷிஃப்டில் இருந்தவர்கள். தாழ்ப்பாளுக்குப் பார்க்கலாம் சொன்ன அதே மனிதர். அப்பா காலத்து ஆள். வேலையில் புலி. மெஷின் சத்தத்தைக் கேட்டே வெட்டும் முனையான இன்செர்ட் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்.

மறுநாளிலிருந்து சும்மா ஷாப் ஃப்ளோரில் உட்கார்ந்து கவனித்தேன். அவர் யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தையும் பேசவில்லை. எல்லோரையும் டேய் என்றார். "டேய், இங்க வாடா." "டேய், அளந்தியாடா?" இருபத்திரண்டு வயசுப் பையன், ஐடிஐ சர்டிஃபிகேட் வைத்திருப்பவன், கல்யாணம் ஆனவன், "இதோ சார்" என்று ஓடுகிறான். இன்னொருவனுடைய பீஸில் கீறல் விழுந்தது என்று அதை உயர்த்திப் பிடித்து, பெண்கள் பிரிவு வரைக்கும் கேட்கிற மாதிரி, "இதைப் பாருங்கம்மா, நம்ம என்ஜினியர் பண்ண வேலையை" என்றார். பெண்கள் சிரிக்கவில்லை. அவன் முகத்தை நான் பார்த்தேன்.

தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "தம்பி மாதிரி நினைச்சுத்தானே கூப்பிடறேன், உங்க அப்பா என்னை டேய்னுதான் கூப்பிடுவாரு" என்றார். உண்மைதான். அப்பா கூப்பிட்டார், இவர் முப்பது வருடம் நின்றார். ஆனால் அப்பா பட்டறையில் எட்டுப் பேரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "கஸ்டமர் கம்பெனியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பையன் வருவானே, அவனுக்கும் இருபத்திரண்டு வயசுதான். அவனை டேய்னு கூப்பிடுவீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வழக்கமாக, அவர் மாறிவிட்டார் என்று எழுதுவார்கள். மாறவில்லை. இரண்டு வாரம் 'வாங்க போங்க' என்று நாடகமாகப் பேசிவிட்டுப் பழையபடி ஆனார். மேலும் எட்டு மாதம் நான் தள்ளிப்போட்டேன், இன்னும் ஒரு பையன் போனான், அதன் பிறகுதான் அவரை டூல் ரூமுக்கு மாற்றினேன். பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சர் செய்வது, இன்செர்ட் தேர்வு, புது ஜாப்புக்கு முதல் செட்டிங். மெஷினோடுதான் பேச்சு. சம்பளம் குறைக்கவில்லை. மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறார், ஆனால் அப்பாவின் நினைவுநாளுக்கு மட்டும்தான் வீட்டுக்கு வருகிறார். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆள் நிற்க வேண்டும் என்று ஒன்றைச் செய்தால், ஏற்கெனவே நிற்கிற ஒருவர் மனசு நோகும் என்று அந்தப் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா மில் தொழிலாளி. இந்த ஊரில் மில் என்றால் ரோடியர், சுதேசி, பாரதி. சங்கு ஊதினால் முதலியார்பேட்டை முழுக்க அடுப்பு பற்றும் என்று பாட்டி சொல்லும். 1936 ஜூலை 30-ல் போராடிய மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு போலீஸ் சுட்டது, 12 பேர் செத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1937-ல், இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அப்படிப்பட்ட ஊரில் என் பட்டறை பல வருடம் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு ஷிஃப்டாக ஓடியது. பேட்டையில் நாங்கள் மட்டும் இல்லை, ஆனால் அது சாக்கு.

எட்டு மணி நேரம், மூன்று ஷிஃப்ட் என்று மாற்றப்போகிறேன் என்று பெருமையாக அறிவித்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் நோட்டில் நாலு பேர் எழுதியிருந்தார்கள்: "ஓ.டி. வேண்டும்." என்னடா இது, தாத்தாக்கள் குண்டடிபட்டு வாங்கிய எட்டு மணி நேரத்தைப் பேரன்கள் வேண்டாம் என்கிறார்களே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. மூத்த செட்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார். "பாப்பா, அவன் அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்கும்தான் பத்துது. வண்டி டியூ, சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ஓ.டி.யில ஓடுது. ஓ.டி.யை எடுத்தா அவன் பன்னண்டு மணி நேரம் கிடைக்கிற இடத்துக்குப் போவான். ரெஸ்ட் வேணும்னு அவனுக்கும் தெரியும்."

சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நாங்கள் ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், அதனால்தான் அவர்களுக்கு அது அவ்வளவு முக்கியம். எனக்கோ களைத்த கை கடைசி இரண்டு மணி நேரத்தில் செய்கிற ரிஜெக்ட் தனிச் செலவு. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, ஓ.டி.யில் போகிற பணத்தில் முக்கால் பங்கை அடிப்படைச் சம்பளத்தில் ஏற்றினேன். அப்படி ஏற்றினால் பி.எஃப்., போனஸ், கிராஜுவிட்டி எல்லாமே கூடும், என் ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியும் மூன்று பேர் போனார்கள். மீதிப் பேர் நின்றார்கள். இரவு ஷிஃப்ட் ரிஜெக்ட் பாதியாகக் குறைந்தது. இந்த ஒன்றைச் செய்யாமல் நோட்டு, மரியாதை, தாழ்ப்பாள் என்று நான் எவ்வளவு செய்திருந்தாலும் எடுபட்டிருக்காது என்பதுதான் என் எண்ணம். சம்பளத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆயுத பூஜையன்று மைக் பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் பிடித்திருக்கிறேன். அன்று ஒருவர் பொரிகடலையைக் கொறித்துக்கொண்டே கேட்டார்: "குடும்பம்னா நோட்டீஸ் பீரியட் எதுக்குக்கா?" அதன் பிறகு மைக் பிடிப்பதில்லை. பூஜை முடிந்ததும் போனஸ் எந்தத் தேதிக்கு வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஃபெஞ்சல் புயல் சமயத்தில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்தது, மறுநாள் காலைக்குள் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். அதற்கப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கமெல்லாம் மூழ்கியது. டிசம்பர் முதல் தேதி காலையில் வாட்ஸ்அப்பில் போட்டேன்: "யாரும் வர வேண்டாம். உங்கள் வீட்டைப் பாருங்கள். நான்கு நாளுக்குச் சம்பளம் உண்டு." 2011-ல் தானே புயல் வந்து கூரைத் தகடுகள் பறந்தபோது அப்பாவும் இதையேதான் செய்தார், அப்போது எங்களிடம் வாட்ஸ்அப் இல்லை, சைக்கிளில் ஆள் அனுப்பினார். பலபேர் நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள், எனக்கும் மனசு நிறைந்தது.

ஆனால் எங்களிடம் ஒடிசாக்காரப் பையன்கள் ஆறு பேர், பட்டறைக்குப் பின்னால் ரூமில் தங்கியிருப்பவர்கள், கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப் குரூப்பும் இல்லை, போக வீடும் இல்லை. இரண்டு நாள் வாளியால் தண்ணீரை இறைத்து, மோட்டார்களைக் கழற்றி மேலே தூக்கி வைத்தது அவர்கள்தான். மாதக் கடைசியில் கான்ட்ராக்டரின் பில் வந்தது. அதில் அந்த நான்கு நாள் இல்லை. கம்பெனி லீவு விட்ட நாள், ஆகவே சம்பளம் இல்லை என்று போட்டிருந்தார். நான் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஸ்டோர் அக்காதான் நோட்டில் எழுதினார்: "தண்ணீர் இறைத்த ஆறு பேருக்குச் சம்பளம் வரவில்லை. ஏன்?" அந்த 'ஏன்'-ஐ இரண்டு முறை அழுத்தி எழுதியிருந்தார், காகிதம் கிழிகிற அளவுக்கு. நான்கு நாளுக்கும், இறைத்த இரண்டு நாளுக்கு ஓ.டி.யும் சேர்த்துக் கொடுத்தோம். இந்த வருடம் அவர்களில் நான்கு பேரை நேரடியாக எடுத்துக்கொண்டோம். குரூப்பிலும் சேர்த்துவிட்டேன். ஸ்டிக்கராகப் போட்டுத் தள்ளுகிறார்கள்.

போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் போகிறவர்களை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. முன்பெல்லாம் அனுபவச் சான்றிதழை இழுத்தடிப்பேன். இப்போது கடைசி நாளன்றே கையில் கொடுத்துவிடுகிறேன், கணக்கு இரண்டு நாளில் முடிந்துவிடும். போனவர்களில் மூன்று பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருவன் சொன்னான், அங்கே 4,500 ரூபாய் கூட, ஆனால் ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் எட்டாயிரம் போகிறதாம். திரும்பி வருகிறவனை முன்பு கிண்டல் செய்வார்கள், இப்போது செய்வதில்லை. அங்கே பார்த்துவிட்டு வந்த புது ஃபிக்சரைப் பற்றி அவனிடம் டூல் ரூமில் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா, நம்ம பழைய சூப்பர்வைசர்தான். அவனையும் டேய் என்றுதான் கூப்பிட்டார். அவன் அவரிடமிருந்து ஓடிப்போனவனே.

வீராம்பட்டினத்துப் பையன் மட்டும் திரும்பவில்லை. கப்பலில் இருக்கிறான் என்று அவன் அண்ணன் சொன்னார். போன வருடம் தேருக்குப் போயிருந்தேன், முட்டுக்கட்டைப் பையன்களில் தேடினேன், இல்லை.

இன்று நோட்டைப் புரட்டினேன். காதுகுத்து லீவு ஒன்று, ஈ.எஸ்.ஐ. கார்டில் மனைவி பெயர் சேர்க்க வேண்டும் என்று ஒன்று, கூலண்ட் நாற்றம் தாங்கவில்லை மாற்றுங்கள் என்று ஒன்று. மூன்றுக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேலே ஒரு வரி இருக்கிறது, வியாழக்கிழமை தேதி போட்டது. ஸ்டோர் அக்கா தனக்காகவே எழுதியது, 19 வருடத்தில் முதல் தடவை: "எனக்குச் சம்பளம் உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்." பக்கத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவரே சிவப்பு மையில் பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறார்: "நான்கு நாள் ஆகிவிட்டது, மேடம்."

இதை இங்கே தட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். ஆடிட்டருக்குப் போன் போட்டுவிட்டு வருகிறேன்.